கராச்சுக்குக் குழி வேண்டாம், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணம் கோப்பாயில் இரண்டரைப் பரப்பு வளவு. வீட்டுக்கும் கிழக்கு மதிலுக்கும் இடையில் 20 அடி வெறும் நிலம். தெற்கே ஒழுங்கை, வடக்கு மூலையில் பங்குக் கிணறு. ஓட்டத்தில் ஒரு வகன் ஆர். ஓடாமல் அப்பாவின் பழைய மொறிஸ் மைனர். மொறிஸை நீங்களே கழற்றிப் பூட்ட வேண்டும், நேரம் கிடைத்தால் கொஞ்சம் மரவேலையும் செய்ய வேண்டும் என்று ஆசை. கராச்சுக்கு மேசன் 10 அடிக்கு 16 அடி, காருக்கு அடியில் நின்று வேலை செய்ய நடுவில் 5 அடி ஆழக் குழி, சுற்றிவரச் சுவர், மேலே தகரம் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார். இது சரிவருமா என்று கேட்கிறீர்கள்.

சரிவராது. அளவு போதாது, குழி வேண்டவே வேண்டாம், சுவரை இந்த வருடம் கட்டாதீர்கள். இருக்கிற காசைத் தரையில் போடுங்கள். கூரையைக் கழற்றி மாற்றலாம், சுவரை இடித்து நகர்த்தலாம். தரையை உடைத்துத் திரும்பப் போடுகிறவன் படும் பாடு எனக்குத் தெரியும். நான் உடைத்திருக்கிறேன்.

முதலில் குழிக் கதை. 2003இல், யுத்த நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலம், நல்லூர்ப் பக்கம் என் வீட்டு வளவில் கராச் போட்டேன். கொழும்பில் வேலை பழகிய இடங்களில் எல்லாம் குழி இருந்தது. குழி இல்லாத கராச் கராச்சா என்ற நினைப்பு. இரண்டு பேர் ஆறு நாள் அலவாங்கு போட்டுக் கல்லை உடைத்து 5 அடி இறக்கினார்கள். உள்ளே சீமெந்து பூசி, படி வைத்து, மேலே பனம் பலகை மூடி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் ஓர் இரவு காருக்கு அடியில் இருந்து தவளைச் சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் முக்கால் அடி தண்ணீர். மேலே இருந்து ஒரு சொட்டும் விழவில்லை. கீழே இருந்து ஊறியிருக்கிறது. மார்கழியில் இடுப்பளவு. இறைத்தால் அடுத்த நாள் காலை அதே அளவு. 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்குக் குழி விளிம்பு வரை நிரம்பி, மூடியிருந்த பலகைகள் மிதந்தன. அந்த மாரியோடு கல்லும் மக்கியும் (சுண்ணாம்புக்கல் சரளை) போட்டு மூடிவிட்டேன்.

இது மேசனின் பிழை இல்லை. நாங்கள் குடியிருப்பது சுண்ணாம்புக்கல் மேல். மண் ஒரு அடி, இரண்டடி. அதன் கீழ் வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல். மழைத் தண்ணீர் அந்த வெடிப்புகளால் இறங்கி அடியில் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மாரியில் கிணற்றில் நீர்மட்டம் ஏறும்போது உங்கள் குழியிலும் ஏறும். வலிகாமத்தின் மேட்டு நிலங்களில் நீர்மட்டம் நல்ல ஆழத்தில் இருக்கும், அங்கே குழி வெட்டித் தப்பியவர்களும் உண்டு. உங்களுக்கு எப்படி என்று அறிய ஆளைக் கேட்கத் தேவையில்லை. தை முதல் வாரத்தில் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுப் பாருங்கள். தரையில் இருந்து தண்ணீர் வரைக்கும் 10 அடிக்குக் குறைவு என்றால் குழிப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

10 அடிக்கு மேல் இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே போய்ப் படுக்கும். மொறிஸின் பழைய பெற்றோல் குழாயில் ஒரு கசிவு, குழிக்குள் ஒரு சாதாரண மின்குமிழ் உடைகிறது, அல்லது மேலே கிரைண்டர் பொறி பறக்கிறது. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வீட்டில் தனியாக வேலை செய்கிறவருக்குக் குழி ஒரு கண்ணி.

குழிக்குப் பதில் என்ன? ஓடாவியிடம் சொல்லி 8 அங்குல உயரத்தில் இரண்டு மரச் சாய்தளம் செய்வியுங்கள். அடுக்கடுக்காகப் பலகை வைத்து ஆணி அடித்தது போதும். முன் சில்லு இரண்டையும் அதில் ஏற்றிவிட்டால் ஒயில் மாற்ற, சைலன்சர் பார்க்க இடம் வந்துவிடும். பெரிய வேலைக்கு ஜக்கும், நான்கு இரும்புத் தாங்கிகளும். ஒன்று மட்டும் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்தாதீர்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான். அந்தக் கல் மேலிருந்து பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். ஒரு மூலையில் குத்தும் பாரத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். மைனர் சின்னக் கார் என்றாலும் முக்கால் தொன்னுக்கு மேல்.

இனி அளவு. மைனர் 12 அடி 4 அங்குல நீளம், 5 அடி சொச்சம் அகலம். வகன் ஆர் யப்பானிய சின்னக் கார் வகை, நீளம் 11 அடி 2 அங்குலத்தைத் தாண்டாது, அகலம் 4 அடி 10 அங்குலம். மேசன் கார் போக எத்தனை அடி என்று பார்த்திருக்கிறார். கார் நுழையும், நீங்கள் இறங்க மாட்டீர்கள். அப்பாவின் மைனர் இரண்டு கதவுக் கார் என்றால் ஒவ்வொரு கதவும் நீளம். முழுதாகத் திறக்க ஏறத்தாழ 3 அடி பக்கத்தில் வேண்டும். காருக்கு 5, இரு பக்கமும் 3 என்றால் 11. ஒரு பக்கச் சுவரோடு தட்டும் சாமானும் ஒன்றரை அடி பிடிக்கும். உடம்பு அசைய இன்னும் கொஞ்சம். ஆகவே 14 அடி. நீளத்துக்கு கார் 12 அரை, முன்னுக்கு வேலை மேசை 2 அடி, மேசைக்கும் காருக்கும் நடுவில் நீங்கள் குனிந்து நிமிர 4 அடி, பின்னுக்கு கதவு மூடியும் சுற்றி வர 3 அடி. 22 அடி வருகிறது. 14க்கு 22. இரண்டு காருக்கும் கூரை வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஓடுகிற கார் மாமர நிழலில் நிற்கட்டும், பிரித்துப் போட்ட காருக்குத்தான் கூரை வேண்டும்.

20 அடி நிலத்தில் 14 போனால் 6 மிச்சம். மதில் பக்கம் 3, வீட்டுப் பக்கம் 3. மதில் பக்கம் விட்ட 3 அடி வீண் என்று நினைக்காதீர்கள். தாழ்வாரத்துத் தண்ணீர் அயல் வளவுக்குள் விழுந்து கோர்ட் வரை போன குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. கொட்டில்தானே என்று பிரதேச சபையில் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம். நிரந்தரக் கட்டடத்துக்கு வரைபடம் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். ஒழுங்கையில் இருந்து எத்தனை அடி விட வேண்டும், மதிலில் இருந்து எத்தனை அடி என்பதை அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஊராரின் வாகனத்தையும் காசுக்குத் திருத்தத் தொடங்கினால் கதை வேறு; அதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவைப்படும்.

மேசனோடு மேலும் கதைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நான்கு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். கயிற்றின் கீழ் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். மேசை வரும் இடத்தில் ஒரு பழைய வாங்கைப் போடுங்கள். ஒரு கிழமைக்கு வகன் ஆரை அதற்குள்ளேயே நிறுத்தி எடுங்கள். ஒழுங்கையில் இருந்து திரும்பும்போது எந்த மூலை இடிக்கிறது, கதவைத் திறந்தால் எங்கே முட்டுகிறது என்பது மூன்றாம் நாள் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் 9 அடிக் கதவு வைத்தார், ஒழுங்கை 10 அடி. கார் நேராக வந்தால் நுழையும்; ஆனால் ஒழுங்கையில் திரும்பி நேராக வர இடம் இல்லை. இன்றைக்கும் அந்தக் கராச்சில் விறகுதான் இருக்கிறது.

இடம் குறிக்கும்போது மேலேயும் பாருங்கள். பனைக்குக் கீழே வேண்டாம். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுந்தால் தகரத்தில் குழி, காரில் குழி, உங்கள் தலை என்றால் அதிலும் குழி. பனையைத் தறித்துவிடலாமே என்று தோன்றினால் அதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். தென்னையும் அப்படியே ஒதுங்கி இருக்கட்டும்.

தரைக்கு வருவோம். இதில்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

போன மாரியில் உங்கள் வளவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று மதிலைப் பாருங்கள். வெள்ளை மதில் என்றால் செம்மண் தெறித்த கறையும், அதற்குக் கீழே பாசிக் கோடும் இருக்கும். அந்தப் பாசிக் கோட்டுக்கு மேல் 6 அங்குலம் தரை மட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலும் நிலத்தில் இருந்து 9 அங்குலம், 1 அடி உயர்த்த வேண்டிவரும். 9 அங்குலம் ஏற 6 அடி நீளத்தில் சாய்வு விட்டால் கார் வயிறு தட்டாமல் ஏறும்.

அத்திவாரம் வெட்டும்போது கூட நில்லுங்கள். அலவாங்கு கல்லில் விழும்போது 'டங்' என்று கேட்டால் கல் நல்ல கல். 'தொம்' என்று உள்ளே இருந்து சத்தம் வந்தால் கீழே வெற்றிடம் இருக்கலாம். சுண்ணாம்புக்கல் நாட்டில் இது அதிசயம் இல்லை. புத்தூர் நிலாவரைக் கிணறே அப்படி அடியில் கரைந்து உண்டான குகையின் வாய்தான். சின்னப் பொந்து என்றால் திறந்து, கல்லும் கொங்கிறீற்றும் போட்டு அடைத்துவிட்டுத் தொடரலாம். பெரிது என்றால் வரைபடத்தை 5 அடி தள்ளுங்கள், சண்டை பிடிக்க வேண்டாம்.

உயர்த்துவதற்கு வீட்டுச் செம்மண்ணைப் போடாதீர்கள். நனைந்தால் இளகும், காய்ந்தால் வெடிக்கும், கறையானுக்கு அரண்மனை. மக்கியோ வன்னிக் கிரவலோ போடுங்கள். 6 அங்குலம் போட்டு நனைத்து இடித்து, அதன் மேல் அடுத்த 6 அங்குலம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் இடித்தால் இரண்டாம் வருடம் தரையின் நடுவில் வெடிப்பு ஓடும். இடிக்கும் மெசின் வாடகைக்குக் கிடைக்கிறது, அதற்குக் காசு பார்க்க வேண்டாம்.

அதன் மேல் தடித்த பொலித்தீன் விரிப்பு, ஓரம் 6 அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி. இது இல்லாவிட்டால் மாரி முழுக்கத் தரை வியர்க்கும். தரையில் வைத்த ரயர், ஆயுதப் பெட்டி எல்லாம் அடிப்பக்கம் பூஞ்சணம், துரு. பொலித்தீனுக்கு மேல் கம்பி வலை, அது தரையோடு படுக்காமல் சின்னக் கல் வைத்து உயர்த்தியது. பிறகு 4 அங்குலக் கொங்கிறீற்று.

14க்கு 22 தரைக்கு 4 அங்குலம் என்றால் ஏறத்தாழ 103 கன அடி, எங்கள் கணக்கில் ஒரு கியூப். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவையில் 50 கிலோ சீமெந்து 19 பை, மணல் அரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைவு, சல்லி ஒரு கியூப்புக்குச் சற்றுக் குறைவு. சேதாரத்துக்கு 20 பை எடுங்கள். மேசன் 12 பை போதும் என்றால் கலவை நீர்த்துப்போகிறது என்று அர்த்தம்; 30 பை கேட்டால் வேறு யாருடைய வீட்டிலோ வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

மணலைச் சொல்லாமல் விட முடியாது. கடற்கரை மணல் மலிவாக வரும், உப்பு அதற்குள் வரும். உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியை உள்ளுக்குள்ளேயே தின்னும். வெளியே தெரிய ஐந்தாறு வருடம் ஆகும். பழைய மேசன்மார் ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார்கள். நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன். கலக்கும் தண்ணீருக்கும் அதே நாக்கு. கிணறு உவர் என்றால் நல்ல தண்ணீர் பவுசர் எடுங்கள்.

சாய்வு கதவுப் பக்கம் இருக்கட்டும். 22 அடிக்கு 3 அங்குலம் போதும். அதற்கு மேல் விட்டால் ஜக் தானாக ஓடும், தள்ளுவண்டி தானாக ஓடும், ஒருநாள் காரும் ஓடும். மேசை வரும் பின் 6 அடி மட்டமாக இருக்கலாம். மேற்பரப்பை வீட்டுத் தரை போல் பளபளப்பாகத் தேய்க்க விடாதீர்கள். மேசன்மாருக்கு அதில் ஒரு பெருமை. ஒயில் ஒரு துளி விழுந்தால் அந்தத் தரையில் நீங்கள் நடனம் ஆடுவீர்கள். மரப்பலகையால் தேய்த்து விட்ட சொரசொரப்பு போதும். நடுவில் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு விடச் சொல்லுங்கள். கொங்கிறீற்று வெடிக்கத்தான் போகிறது, நாம் சொன்ன இடத்தில் வெடிக்கட்டும். பிறகு சாக்கு விரித்து ஏழு நாள் தண்ணீர். பங்குனி, சித்திரை வெயிலில் போட்டால் பத்து நாள். காரை ஒரு மாதம் ஏற்ற வேண்டாம்.

தரைக்குள் வடிகால் குழாய் வைக்க மேசன் கேட்பார். வேண்டாம். வடிகால் எங்கே போகும்? உங்கள் வளவில் எங்கே விட்டாலும் கடைசியில் அந்தப் பங்குக் கிணற்றுக்குத்தான். செம்மண் ஒன்றிரண்டு அடி வடிகட்டும், கல் ஒன்றையும் வடிகட்டாது. வெடிப்பால் நேரே இறங்கும். சுன்னாகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கிணறுகளில் எண்ணெய் மிதந்து, ஊர் சனம் போத்தலில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்து, வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அது பெரிய மின் நிலையத்துக் கதை. உங்களுடையது மாதம் 4 லீற்றர் ஒயில். ஆனால் பங்குக் கிணற்றில் ஒரு மெல்லிய வானவில் படலம் மிதந்தால் மற்றப் பங்காளிகள் உங்களோடு கதைக்கவே மாட்டார்கள், அது பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.

ஆகவே கழிவு ஒயிலுக்கு மூடியுள்ள கலன் ஒன்று, அது நிற்க ஒரு தட்டு. முன்பு அதைக் கூரை மரங்களுக்குக் கறையானுக்காகப் பூசி முடிப்போம். இப்போது சேர்த்து வாங்குகிறவர்கள் வருகிறார்கள், கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தினால் மரத்தூள் போட்டு ஒற்றி எடுங்கள். நீங்கள் மரவேலை செய்பவர், தூளுக்குப் பஞ்சம் இருக்காது. ஒயில் ஊறிய தூளை மூலையில் குவிக்காமல் தகரப் பேணியில் மூடி வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணி என்றால் தண்ணீரில் போட்டே வையுங்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் சாமான்.

தரை முடிந்தால் தூணும் கூரையும். சுவரை ஏன் இந்த வருடம் வேண்டாம் என்றேன்? காற்றைப் பார்ப்பதற்கு. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து புழுதியோடு அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கில் இருந்து மழையும் வாடையும். உங்கள் வீடு ஒரு பக்கம், மதில் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே காற்று எப்படி ஓடும் என்பதை வரைபடத்தில் யாராலும் சொல்ல முடியாது. தரையும் கூரையும் போட்டு, ஒரு சோளகம், ஒரு மாரி திறந்த கொட்டிலாகவே பாவியுங்கள். எந்த மூலையில் சாரல் அடிக்கிறது, எங்கே நின்று வேலை செய்ய உங்களுக்கே மனம் வருகிறது, மாலை வெயில் மேசையில் எங்கே விழுகிறது எல்லாம் தெரிந்த பிறகு அடுத்த தையில் சுவரைக் கட்டலாம். என் இரண்டாவது கராச்சுக்கு மூன்று பக்கம்தான் சுவர் வந்தது. நாலாவது தேவைப்படவில்லை.

தூண் இரும்பு என்றால் கொங்கிறீற்றுக்குள் புதைக்காதீர்கள். தரைமட்டத்தில் தண்ணீர் நிற்கும் அந்த ஒரு அங்குலத்தில்தான் எங்கள் உப்புக் காற்றுக்கு இரும்பு அறுந்து விழும். தரைக்கு மேல் 6 அங்குலம் கொங்கிறீற்றுக் கட்டை எழுப்பி, அதில் தகட்டை போல்ட்டில் பூட்டுங்கள். வெட்டிய, ஒட்டிய இடம் எல்லாம் அன்றைக்கே துருப்பிடிக்காத பெயின்ற். இரவு தாண்டினால் காலையில் செந்நிறம் பூத்திருக்கும். வைரம் பாய்ந்த பழைய பனந் தீராந்தி, கைமரம் யாரும் வீடு இடித்து விற்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். இரும்பை விட எங்கள் காற்றுக்கு அது நின்று பிடிக்கும்.

கூரைக்கு ஓடு போட்டால் குளிர்ச்சி, ஆனால் பாரம், மரச்செலவு. அஸ்பெஸ்ரஸ் வெட்டும்போதும் துளைக்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்குக் கூடாது. கராச்சில் எப்போதும் எதையாவது துளைத்துக்கொண்டே இருப்போம், அதனால் தவிர்த்துவிடுங்கள். சிங்க் அலுமினியம் சீற் (துத்தநாகமும் அலுமினியமும் பூசிய தகரம்) போடுங்கள், மெல்லியதை வாங்காதீர்கள், போல்ட் ஆணிக்கு றப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உயரம் தாழ்வாரத்தில் 9 அடி, முகட்டில் 11, 12. தாழ்த்தினால் பங்குனியில் உள்ளே நிற்க முடியாது. முகட்டின் இரண்டு முனையிலும் காற்றுப் போக வழி விடுங்கள்.

காற்று என்றதும் ஒன்று. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலத்தில், சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபுரேற்றருக்குள் இரண்டு சொட்டு விட்டு உதைப்போம். அந்தப் புகையை யாரும் வீட்டுக்குள் நின்று கிளப்ப மாட்டார்கள். கண் எரியும், ஓடி வெளியே வந்துவிடுவோம். இப்போதைய எஞ்சின் புகை கண்ணை எரிக்காது. அதுதான் ஆபத்து. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட விட்டுச் சத்தம் கேட்பது, வாடைக்காலத்தில் செய்யத் தோன்றும் வேலை. செய்யாதீர்கள். பின்னால் சுவர் கட்டும்போது கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை பூக்கல் வையுங்கள்.

எஞ்சினைத் தூக்க என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்கு ஆறு மாதத்தில் வரும். எங்கள் ஊர் முறை மாமரக் கொப்பில் செயின் புளொக் கட்டுவது. கூரை வளையில் கட்டுவது அதை விட மோசம். கூரை தன் பாரத்தையும் காற்றையும் தாங்கத்தான் செய்தது. தடித்த இரும்புக் குழாயில் முக்காலி ஒன்று ஒட்டுவித்து வையுங்கள், அல்லது தூக்கும் கிரேன் வாடகைக்கு எடுங்கள். நல்ல தரை போட்டதன் பலன் அன்றைக்குத் தெரியும். சில்லு வைத்த கிரேன் வெடித்த தரையில் நகராது.

மின்சாரத்துக்குப் பதிவு பெற்ற ஆளைப் பிடியுங்கள். வீட்டு இணைப்பு ஒரு பேஸ் 30 அம்பியர்தான் என்பதை மறக்க வேண்டாம். இன்வேர்ட்டர் வெல்டிங் மெசின் மெல்லிய கூரிலேயே 15 அம்பியர் அளவில் இழுக்கும். அதே நேரம் வீட்டில் தண்ணீர் மோட்டரும் இஸ்திரிக்கைப்பெட்டியும் போட்டால் முழு வீடும் இருட்டு, அம்மா சத்தம் போடுவா. பிரதான பலகையில் இருந்து கராச்சுக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் தனியாக இழுத்து, அங்கே சின்னப் பலகை ஒன்று, அதற்கென்று 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். வெல்டிங்குக்குத் தனி வழி. பிளக்குகள் தரையில் இருந்து 4 அடி உயரத்தில். பெற்றோல் ஆவி கீழே கிடக்கும் என்று சொன்னேன் அல்லவா.

எர்த் கம்பிதான் எங்கள் கல்லில் ஏமாற்று நடக்கும் இடம். 4 அடிக் கம்பி ஒன்றரை அடியில் கல்லில் முட்டும். மிச்சத்தை அறுத்து எறிந்துவிட்டு மண்ணை மூடுவார்கள். கூட நின்று பாருங்கள். கல்லில் துளை போட்டு இறக்கி மண் அடைக்க வேண்டும். இடமும் முக்கியம்: வறண்ட மூலையை விட்டு, குளிக்கிற தண்ணீர் ஓடும் வாழைப் பாத்தி ஓரம் பாருங்கள். ஆடியிலும் ஈரம் இருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வேலை மேசை பற்றிச் சுருக்கமாக. மரவேலைக்கு மேசை உயரம் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம். வைஸ் பூட்டும் இடத்தில் வைஸின் வாய் முழங்கை உயரம் வர வேண்டும், இல்லாவிட்டால் அரம் போடும்போது முதுகு போய்விடும். இரண்டும் ஒரே மேசையில் சரிவராது; இரண்டு மேசை செய்யுங்கள். மரக் கால்களை நேரே தரையில் வைக்காமல் இரும்புத் தகட்டில் நிறுத்துங்கள். நவராத்திரிக்கு ஆயுதங்களுக்குப் பொட்டு வைக்கச் சாமித் தட்டு வேண்டும் என்று அம்மா கேட்பா. வையுங்கள், பெற்றோல் கலன் இருக்கும் மூலைக்கு எதிர் மூலையில், விளக்கு உயரத்தில். கதவோரம் உலர்தூள் தீயணைப்பான் ஒன்று, மணல் வாளி ஒன்று.

கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துப் பிடியுங்கள். தாழ்வாரத்தோடு கூரை 400 சதுர அடி வரும். ஓர் அங்குல மழைக்கு 900 லீற்றருக்கு மேல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் எப்படி வெள்ளைப் படலம் கட்டுகிறதோ அப்படியே றேடியேற்றருக்குள்ளும் கட்டும். மைனரின் அந்தப் பழைய றேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், சுண்ணாம்புச் செதிள் கொட்டும். முதல் மழையைக் கழிய விட்டுப் பிடித்த மழைத் தண்ணீரைக் கூலன்ற்றோடு கலந்து ஊற்றுங்கள். பற்றறிக்கு மட்டும் கடையில் விற்கும் வடித்த நீர்தான்.

காலம்: தை பிறந்து நிலம் காய்ந்ததும் தொடங்குங்கள். மாசியில் தரை, சித்திரைக்குள் தூண், வைகாசிக்குள் கூரை. வாஸ்து பார்த்து நிலையம் எடுக்கும் ஆசாரியார் ஓரிரு அடி அங்கும் இங்கும் தள்ளச் சொன்னால் தள்ளுங்கள், ஆனால் 14 அடியை 11 ஆக்க விடாதீர்கள்.

மேசன் ஏற்கெனவே குழி வெட்டத் தொடங்கிவிட்டார் என்றால், வெட்டின கல்லை வெளியே ஏற்ற விடாதீர்கள். பெரிய கல் அடியில், சின்னக் கல் இடையில், மக்கி மேலே, அரை அடிக்கு ஒருதரம் நனைத்து இடித்து மூடுங்கள். அந்த இடத்தில் மட்டும் தரைக் கொங்கிறீற்றுக்குள் இரட்டைக் கம்பி வலை போடச் சொல்லுங்கள். ஆறு நாள் கூலியைப் பற்றி வீட்டில் கேட்டால், நல்லூரில் ஒருவருக்கு அது ஐந்து வருடத்துக்குப் பிறகுதான் விளங்கியது என்று சொல்லுங்கள்.